கடல்கொண்ட ஊரின் இலக்கணம்

முதுகலை முதலாண்டு வகுப்பில் இலக்கண வரலாறு நடத்திக்கொண்டிருந்தோம். தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் முடிந்து எழுத்ததிகாரத்துக்குள் நுழையும் நேரம். மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றிலிருந்து வரும் மாணவர் எழுந்து நின்றார். "ஐயா, தொல்காப்பியத்துக்கு முன்னாலேயே அகத்தியம் இருந்ததே, அதைத் தாண்டி இதற்கு ஏன் வந்துவிட்டோம்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. பள்ளிப் பாடநூல் தொடங்கி மேடைப்பேச்சு வரை அவர் கேட்டு வளர்ந்ததெல்லாம் முதற்சங்கம், தென்மதுரை, அகத்தியம் என்ற வரிசையைத்தான். அந்த வரிசையின் முதல் நூலை நாம் திறக்காமலே மூடிவிட்டதாக அவருக்குப் பட்டிருக்கிறது.

"அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை, தம்பி" என்று சொல்லி வகுப்பை நகர்த்திவிட்டோம். நகர்த்தினோமே தவிர, சொன்னது பாதி விடைதான் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. கிடைக்காத நூல் வேறு, இருந்திராத நூல் வேறு. இரண்டில் எது என்று வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல, மதுரையில் தமிழ் கற்பிக்கும் எவருக்கும் சற்றுத் துணிவு வேண்டும். இக்கட்டுரை அம்மாணவருக்கு நாம் தரவேண்டிய மீதிப் பாதி.

மேலைநாடுகளில் வினோதமான கலையொன்று வளர்ந்திருக்கிறது. வரலாறு வேறுவிதமாக நடந்திருந்தால் மக்கள் என்ன மொழி பேசியிருப்பார்கள் என்று கற்பித்து, அம்மொழிக்கு எழுத்திலக்கணமும் சொல்லிலக்கணமும் வகுப்பது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ சுமித் 1996இல் பிரிதெனிக் என்றொரு மொழியை உருவாக்கினார். உரோமர் ஆண்ட பிரித்தானியத் தீவில் இலத்தீன் வேரூன்றி, வேல்சு மொழியைத் திரித்த ஒலிமாற்றங்களே அந்த இலத்தீனையும் திரித்திருந்தால் வந்திருக்கக்கூடிய மொழி அது. அதைப் பேசுவதற்குக் கெம்ர் என்றொரு நாட்டையும் படைத்தார். பிறகு பலர் சேர, ஒரு முழு மாற்றுலகமே உருவாயிற்று. அவருக்கு முப்பதாண்டு முன்னர், 1966இல், ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பால் சென்னிங்சு 'பஞ்ச்' இதழில் இன்னொரு வேடிக்கை செய்தார். 1066ஆம் ஆண்டுப் போரில் நார்மானியர் தோற்றிருந்தால் பிரெஞ்சுச் சொல் கலவாத ஆங்கிலம் எப்படியிருக்கும் என்று எழுதிக் காட்டினார். நம் பக்கத்திலும் 2015இல் வெளிவந்த 'பாகுபலி' படத்துக்காக மதன் கார்க்கி கிளிக்கி என்ற மொழியைச் சொல்லும் விதியுமாகச் சமைத்துக் கொடுத்தார்.

இவர்களெல்லாரும் தாம் கற்பிப்பதைக் கற்பனை என்று அறிந்தே செய்தவர்கள். நம் ஊரில் நடந்தது வேறு. மதுரைக்காரர்கள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மாற்றுலகத்தைப் படைத்து, அதற்கு அரசர் வரிசை, புலவர் எண்ணிக்கை, ஆட்சியாண்டு, இலக்கணநூற் பட்டியல் எல்லாம் குறைவறக் கொடுத்தனர். கற்பனை என்று மட்டும் சொல்லவில்லை.

இறையனார் களவியல் உரையைத்தான் சொல்கிறோம். நக்கீரர் உரைத்ததாகவும், பத்துத் தலைமுறை வாய்மொழியாக வந்து முசிறி நீலகண்டனாரிடம் சேர்ந்ததாகவும் அவ்வுரையே கூறுகிறது. அதில் எடுத்துக்காட்டாக வரும் பாண்டிக்கோவைப் பாடல்கள் நெல்வேலிப் போரில் வென்ற பாண்டியனைப் பாடுவதால், இன்றுள்ள வடிவம் கி.பி. 8ஆம் நூற்றாண்டையொட்டியது என்று அறிஞர் பலரும் கொள்வர். முச்சங்க வரலாற்றை முதன்முதலாக விரித்துரைப்பது இதுவே.

அக்கணக்கை ஒருமுறை பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் சுவையாக இருக்கும். முதற்சங்கம் கடல்கொள்ளப்பட்ட மதுரையில் 4440 ஆண்டு நடந்தது. அதைப் பேணிய அரசர் 89 பேர். பாடியவர் 4449 பேர். இடைச்சங்கம் கபாடபுரத்தில் 3700 ஆண்டு, அரசர் 59, உறுப்பினர் 59, பாடியவரும் 3700. கடைச்சங்கம் இன்றைய மதுரையில் 1850 ஆண்டு, அரசர் 49, உறுப்பினர் 49, பாடியவர் 449. மூன்று ஆண்டுத்தொகையும் 37இன் மடங்குகள்: 120, 100, 50 மடங்கு. கூட்டினால் 9990, பதினாயிரத்துக்குப் பத்துக் குறைவு. ஓர் அரசருக்குச் சராசரியாக முதற்சங்கத்தில் ஏறத்தாழ 50 ஆண்டும், இடைச்சங்கத்தில் 62 ஆண்டுக்கு மேலும் ஆட்சி விழுகிறது. தந்தையும் மகனும் பேரனும் இடையறாது அறுபதாண்டு ஆளும் குடி உலகில் எங்கும் இருந்ததில்லை. இவை ஆவணத்திலிருந்து எடுத்த எண்கள் அல்ல. எண்ணழகு பார்த்து ஒருவர் அமைத்தவை.

அமைத்தவர் பொய்யர் என்று நாம் சொல்லவில்லை. மதுரையில் புலவர் அவையொன்று இருந்தது என்னும் நினைவு பழையது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, பாண்டியர் பெருமைகளுள் ஒன்றாக மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் குறிக்கிறது. நினைவின் விதை உண்மை. அதன்மேல் எழுப்பிய ஏழுநிலைக் கோபுரம் கற்பனை.

நம்மைப் போன்ற இலக்கண ஆசிரியருக்கு எண்களைவிடச் சுவையானது நூற்பட்டியல். முதற்சங்கத்துக்கு நூல் அகத்தியம். இடைச்சங்கத்துக்கு அகத்தியம், தொல்காப்பியம், மாபுராணம், இசைநுணுக்கம், பூதபுராணம் என ஐந்து. கடைச்சங்கத்துக்கு மீண்டும் இரண்டே: அகத்தியமும் தொல்காப்பியமும். ஐந்தில் நம் கையிலிருப்பது தொல்காப்பியம் ஒன்றுதான். அதன் சிறப்புப்பாயிரமோ நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையைச் சொல்கிறது, அதங்கோட்டாசானைச் சொல்கிறது, ஐந்திரம் நிறைந்தவன் என்று நூலாசிரியரைப் புகழ்கிறது. அகத்தியர் பெயரை மூச்சுக்கூட விடவில்லை. ஆசிரியர் பெயரை மறந்து அவையில் நின்று கேட்டவர் பெயரைச் சொல்லும் பாயிரம் உண்டா? இவ்விடைவெளியை அடைக்க உரையாசிரியர்கள் பெரும்பாடு பட்டனர். அகத்தியரும் தொல்காப்பியரும் ஒருவரையொருவர் சபித்துக்கொண்ட கதையை நச்சினார்க்கினியர் சொல்கிறார். அவரும் மதுரைக்காரர்தாம். ஆசிரியரும் மாணவரும் முட்டிக்கொண்டதால் பாயிரத்தில் பெயர் விடுபட்டது என்று கேட்போர் எண்ணிக்கொள்ளலாம். துறைக்குள் இத்தகைய மனத்தாங்கல் நமக்குப் புதிதன்று என்பதால் கதை நம்பும்படியாகவும் இருக்கிறது!

பிற்கால உரைகளில் அகத்தியச் சூத்திரம் என்று மேற்கோளாக வரும் வரிகள் சில உண்டு. அவற்றைத் தொகுத்தும் சேர்த்தும் பேரகத்தியத் திரட்டு என்ற பெயரில் நூலும் அச்சேறியது. அவற்றின் நடை நன்னூலுக்குப் பக்கத்து வீட்டு நடை. தொல்காப்பியத்துக்கு முந்தையது என்று செவி ஒப்பாது. வெற்றிடம் இருக்கிறது என்று நம்பிவிட்டால் அதை நிரப்ப யாரேனும் நூற்பா எழுதத்தான் செய்வார்கள்.

களவியல் உரையில் வேறொரு கதை இருக்கிறது. நமக்கு இந்த எண்களையெல்லாம்விட அதுதான் பெரிது. பாண்டிநாட்டில் பன்னிரண்டு யாண்டு மழையில்லை. உங்களைப் புரக்க இயலவில்லை, உங்களுக்கு அறிந்த தேயம் புக்கு, நாடு நாடாயின பின் வாருங்கள் என்று அரசன் புலவரை அனுப்பிவிடுகிறான். மழை பெய்தபின் ஆள்விட்டு அழைக்கிறான். எழுத்ததிகாரம் வல்லாரும் சொல்லதிகாரம் வல்லாரும் யாப்பு வல்லாரும் கிடைக்கிறார்கள். பொருளதிகாரம் வல்லார் எவரும் கிடைக்கவில்லை. அரசன் கலங்குகிறான். எழுத்தையும் சொல்லையும் ஆராய்வதே பொருளின் பொருட்டு. அது பெறேமெனின் இவை பெற்றும் பெற்றிலேம் என்பது அவன் துயரத்தின் சாரம். இறைவன் இரங்கி அறுபது சூத்திரங்களைச் செப்பிதழில் எழுதி ஆலவாயில் தன் பீடத்தின்கீழ் இடுகிறான். அதற்கு மெய்யுரை எது என்று தேர, உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவனைச் சங்கத்தார் நடுவில் இருத்துகிறார்கள். பேச்சறியாத பிள்ளையின் கண்ணீரும் மெய்ம்மயிர் சிலிர்ப்பும்தான் தீர்ப்பு.

இலக்கணத்தைப் பற்றி இதைக் காட்டிலும் ஆழ்ந்த கதையொன்றை நாம் எந்த மொழியிலும் படித்ததில்லை. பஞ்சம் முதலில் தின்பது பொருளைத்தான், எழுத்தும் சொல்லும் எப்படியோ தப்பித்துக்கொள்ளும் என்று கண்டவர் பெரிய அறிவாளி. கதை வரலாறாக இருக்கவேண்டும் என்ற தேவையே இல்லை. அதை வரலாறாக்கியே தீருவது என்று பிற்காலத்தார் முனைந்ததில்தான் சிக்கல் பிறந்தது.

அடியார்க்குநல்லார் சிலப்பதிகார உரையில், பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே எழுநூற்றுக் காவதத்தில் ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு என்று ஏழேழாக 49 நாடுகளைக் கடலுக்குள் அடுக்கினார். (49ஐ இங்கும் கவனிக்க.) குமரிகண்டம் என்ற சொல் கச்சியப்பரின் கந்தபுராணத்தில் வருகிறது, அங்கே அது மூழ்கிய நிலம் அன்று, பாரதத்தின் ஒன்பது பகுதிகளில் ஒன்று. இவ்விரண்டையும் ஒட்டவைத்தது 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய விலங்கியல். மடகாசுகரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் காணப்படுவது எப்படி என்று யோசித்த பிலிப் சிலேட்டர், இடையில் ஒரு நிலப்பரப்பு இருந்திருக்கவேண்டும் என்று 1864இல் ஊகித்து, இலெமூர் என்னும் விலங்கின் பெயரால் அதற்கு இலெமூரியா என்று பெயரிட்டார். குரங்கினத்துக்கு உறவான ஒரு விலங்கின் நாடு, நாற்பதாண்டுக்குள் தமிழரின் நாடாயிற்று.

ஆக்கியவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் நம் ஊரார். மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870இல் பிறந்த வி.கோ. சூரியநாராயண சாத்திரியார், தம் பெயரையே பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்டவர். தமிழை உயர்தனிச் செம்மொழி என நிறுவ வாதாடியவர். முப்பத்துமூன்று வயதில், 1903இல் மறைந்தார். அவ்வாண்டு வெளிவந்த 'தமிழ்மொழியின் வரலாறு' நூலில் குமரிநாட்டை எடுத்துப் பேசினார். விந்தை என்னவென்றால் அவருடைய உரைநடை வடசொற்களை முற்றும் விலக்கியதன்று. பெயரைப் பெயர்த்துக்கொண்டாரே தவிர நடையைப் பெயர்க்கவில்லை. பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவி அதை நான்காம் சங்கம் என்று ஊரார் அழைக்கத் தொடங்கிய காலமும் இதுவே. நான்கு என்று எண்ணிவிட்டால் முன் மூன்றும் இருந்தே ஆகவேண்டுமல்லவா?

ஆயினும் கடலுக்குள்ளிருந்த நாட்டுக்கு நாடுபெயரும் ஆற்றுப்பெயரும் இருந்தனவேயொழிய மொழி இல்லை. அதாவது, அங்கே என்ன பேசினார்கள், எப்படிச் சொல் பிறந்தது என்று யாரும் வகுத்துச் சொல்லவில்லை. அகத்தியத்தின் காலியிடத்தை உண்மையில் நிரப்பியவர் மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர். 1902இல் சங்கரன்கோவிலில் பிறந்தவர். 'ஒப்பியன் மொழிநூல்' (1940), 'முதற்றாய்மொழி' (1953), ஆங்கிலத்தில் 'உலக முதற்செம்மொழி' என்ற பொருளில் 1966இல் வந்த நூல் ஆகியவற்றில் குமரிநாட்டுத் தமிழின் பிறப்பிலக்கணத்தை அவர் கட்டினார். சென்னிங்சு பிரெஞ்சு கலவா ஆங்கிலத்தை எழுதிச் சிரித்ததும் அதே 1966. ஒருவர் விளையாட்டாகச் செய்ததை இன்னொருவர் வாழ்நாள் தவமாகச் செய்தார்.

அவருடைய கட்டுமானத்தைச் சுருங்கச் சொல்வோம். ஆ, ஈ, ஊ என்னும் சுட்டொலிகள் சேய்மை, அண்மை, முன்மை ஆகியவற்றை வாயின் தொழிலாலேயே காட்டுகின்றன. முன்மைச் சுட்டிலிருந்து 'உல்' என்னும் மூலவேர் தோன்றுகிறது. அதன் முன் மொழிமுதல் வரும் மெய்கள் ஏற, குல், சுல், துல், நுல், புல், முல் என்று வேர்கள் கிளைக்கின்றன. தோன்றல், முற்செலல், நெருங்கல், பொருந்தல், வளைதல், துளைத்தல் எனக் கருத்துகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன. இந்தச் சிறு கருவியிலிருந்து பல்லாயிரம் தமிழ்ச் சொற்களையும், பிறகு வடமொழிச் சொற்களையும், பிறகு ஆங்கிலச் சொற்களையும் அவர் வருவித்துக் காட்டுகிறார்.

இளங்கலை மாணவராயிருந்தபோது 'முதற்றாய்மொழி'யை இரண்டு இரவில் வாசித்து, மூன்றாம் நாள் சைக்கிளில் வைகைப் பாலம் கடக்கையில் கண்ணில் பட்ட கடைப்பலகைச் சொற்களையெல்லாம் 'உல்'லிலிருந்து பிறப்பித்துக்கொண்டே வீடு திரும்பியது நமக்கு நினைவிருக்கிறது. அந்தக் கிளர்ச்சி பொய்யன்று. அவருடைய செவி கூர்மையானது. நாட்டுப்புறத் தமிழ்ச்சொற்களை அவர்போல் வாரிச் சேர்த்தவர் குறைவு. தமிழ்ச்சொல் என்று அவர் மீட்டுக்கொடுத்தவற்றுள் நிலைக்கத்தக்கவை பல.

கருவியின் கோளாறு அதன் வெற்றியிலேயே இருந்தது. அது எந்தச் சொல்லையும் மறுப்பதில்லை. கால்டுவெல் 1856இல் தொடங்கிவைத்த ஒப்பிலக்கணமும், பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியும், தொல்திராவிடம் என்று ஒரு மொழியை மீட்டுருவாக்கத்தான் செய்கின்றன. அதுவும் யாரும் கேளாத மொழியே. ஆனால் அங்கே ஒரு வேரை முன்மொழிந்தால் தெலுங்கும் கன்னடமும் கோண்டியும் பிராகுயியும் எழுந்து 'இல்லை' என்று சொல்ல முடியும். அவை சொன்னால் வேரைத் திரும்பப் பெற்றாகவேண்டும். பிரிதெனிக்குக்கும்கூட அந்தக் கட்டு உண்டு. வேல்சு ஒலிவிதியை மீறிச் சொல்லமைத்தால் அது பிழை. குமரிநாட்டு வேர்களை 'இல்லை' என்று மறுக்க யாருக்கும் இடமில்லை. சாட்சிகள் அனைவரும் கடலுக்குள் இருக்கிறார்கள். பாவாணர் அந்நூலை எழுதிய அதே பத்தாண்டில் கடற்றளம் விரிவதையும் கண்டத்தட்டுகள் நகர்வதையும் நிலவியலார் நிறுவிவிட்டனர். இலெமூரியா என்னும் ஊகத்துக்கே தேவை போயிற்று. பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்ததும், நமக்கும் ஈழத்துக்கும் இடையே நடந்து போகக்கூடிய தரை இருந்ததும் உண்மை. கடல்கோள் நினைவுகளுக்கு இக்கரையோர நிலமே போதும். கண்டம் வேண்டியதில்லை.

1981 சனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் கூடியது. குமரிக்கண்டம் பற்றி அரசு எடுப்பித்த ஆவணப்படம் அங்கே திரையிடப்பட்டது. பாவாணர் மாந்தன் தோற்றமும் தமிழர் மரபும் பற்றிப் பேசினார். பேசிய அன்றே உடல்நலம் குன்றி, மதுரை மருத்துவமனையில் அம்மாதம் 16ஆம் நாள் காலமானார். அவர் நினைவு மண்டபம் நகரின் சாத்தமங்கலத்தில் இருக்கிறது. அவ்வழிச் செல்லும்போதெல்லாம் மனம் கனக்கும். இத்தனை உழைப்பும் இத்தனை சொல்லறிவும் மெய்ப்பிக்கவே முடியாத ஒன்றின் அடித்தளத்துக்குள் போயிற்றே என்று ஒரு பக்கம். வறுமையிலும் புறக்கணிப்பிலும் தளராமல் மொழிக்கென்று வாழ்ந்த மனிதரைக் குறைசொல்ல நாம் யார் என்று மறுபக்கம்.

கடலுக்குள் ஒரு மதுரையின் மொழியைத் தேடியவர்கள், கரையிலிருக்கும் மதுரையின் மிகப் பழைய தமிழைப் பார்த்திருக்கலாம். மாங்குளம் தமிழ்பிராமிக் கல்வெட்டுகளைச் சொல்கிறோம். மேலூர்ச் சாலையிலிருந்து பிரிந்து, மீனாட்சிபுரத்தை ஒட்டிய ஓவாமலையில் சமணத் துறவியர் குகைத்தளங்களின் நெற்றியில் அவை வெட்டப்பட்டுள்ளன. 1882இலேயே இராபர்ட் சீவெல் கண்டறிந்தும், அவை தமிழ் என்று தெளிய நெடுங்காலமாயிற்று. ஐராவதம் மகாதேவன் தம் 2003ஆம் ஆண்டுப் பெருநூலில் இவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைக்கிறார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் பாட்டில் அன்று, கல்லில் வருகிறது. கொடை பெறுபவர் கணிநந்தன் என்னும் துறவி. கொடையைக் குறிக்கும் சொல் 'தம்மம்'. பாலி, பிராகிருதத்தின் தம்மம்தான். அதை எழுதத் தமிழில் இல்லாத வல்லொலி எழுத்தொன்றையே கல்தச்சர் வடபுலத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்.

இன்னொரு கல்வெட்டில் வெள்ளறை என்ற ஊரின் வணிகக்குழு கொடையளிக்கிறது. 'நிகமதோர்' என்று பொறித்திருக்கிறது. நிகமம் வடபுலச் சொல். இக்கல்வெட்டுகளில் இரட்டிக்கும் மெய்யை ஒற்றையாக எழுதுவது வழக்கமாதலால் இதை நிகமத்தோர் என்று படிக்கவேண்டும். (பள்ளி என்பதைப் 'பளிய்' என்று எழுதியிருப்பதும் இவ்வழக்கே, இகர ஈற்றுக்குப்பின் ஒரு யகரமெய் இலவச இணைப்பு.) நிகமத்தோர் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். நிகமம் என்ற மகர ஈற்றுப் பெயர், மரம் மரத்தை ஆவதுபோல் மகரம் கெட்டு அத்துச் சாரியை பெறுகிறது. அதன்மேல் பலர்பால் ஈறு ஏறுகிறது. சொல் வந்தது வடக்கிலிருந்து. இறங்கிய மறுகணமே நம் இலக்கணத்தின் சட்டையை மாட்டிக்கொண்டது. தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல்லோடு வடசொல்லையும் நான்காவதாக எண்ணி, அது தமிழ் எழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்று மட்டும் விதித்தது எந்த வழக்கைக் கண்டு என்பது ஓவாமலையில் நின்றால் விளங்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. சகர மெய் அ, ஐ, ஔ என்னும் உயிர்களோடு கூடி மொழிமுதலில் வாராது என்பது தொல்காப்பிய விதி. (பாடவேறுபாடு காட்டுவோரும், விதியையே மறுத்துச் சட்டி முதலிய சொற்களை நீட்டுவோரும் உண்டு.) விதியை உள்ளபடி கொண்டால் 'சங்கம்' என்ற சொல்லே தமிழில் தொடங்க முடியாது. அது வடசொல் என்பதில் ஐயமுமில்லை. தூயதமிழ் மட்டுமே வழங்கிய தென்மதுரையில் முதற்சங்கத்தார் தம் சங்கத்தை என்ன சொல்லி அழைத்திருப்பார்கள்?

வேறு வரலாறு நடந்திருந்தால் என்று கற்பிப்போருக்கு, நடந்த வரலாறே இந்நகரின் தெருக்களில் விடையளிக்கிறது. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் காதைக் கொடுத்து நடந்தால் சௌராட்டிர மொழி கேட்கும். மேற்கிந்தியாவிலிருந்து பட்டு நெசவோடு புறப்பட்டு, நூற்றாண்டுகள் தெற்கு நோக்கி நகர்ந்து வந்த குடிகளின் பேச்சு. குசராத்திக்கும் மராத்திக்கும் உறவான அதில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. பிரிதெனிக்கைப் போல எவரும் மேசையில் உட்கார்ந்து செய்ததன்று. தறியடியில் உட்கார்ந்து பேசிப் பேசி ஆனது. தொ.மு. இராமராய் அதற்கு எழுத்தும் பாடநூலும் அமைக்க முனைந்தார். அவ்வெழுத்து 2008இல் ஒருங்குறியிலும் இடம்பெற்றது. அம்மொழியில் பாடிய நடனகோபால நாயகி சுவாமிகள் (1843-1914) தமிழிலும் பாடினார். தூய்மை என்னும் அளவுகோலை இம்மொழியின்மேல் வைத்தால் எதை வெட்டுவது, எதை விடுவது?

மதிப்பீட்டு முகாமொன்றில் ஒரு விடைத்தாள் நம் மேசைக்கு வந்தது. முச்சங்கம் பற்றிய கேள்விக்கு இலெமூரியாக் கண்டத்தின் பரப்பளவோடு விடை எழுதப்பட்டிருந்தது. விடைக்குறிப்பும் அதையே சரியென்றது. முழு மதிப்பெண் போட்டோம். மாணவர் பிழை அதில் எதுவுமில்லை. முச்சங்கம் பற்றிக் களவியல் உரை கூறுவது யாது என்று கேட்டிருந்தால், அந்த மாணவர் எழுதியதில் பெரும்பகுதி அட்சரம் பிசகாத உண்மை. வினாவில் விடுபட்ட ஒரு தொடர்தான் உரையை வரலாறாக்கிவிடுகிறது. அடுத்த வினாத்தாள் நம் கைக்கு வந்தபோது அத்தொடரைச் சேர்த்தோம்.

மேலூர் மாணவருக்கு இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், ஓவாமலைக்கு வரச்சொன்னோம். மலைவழி நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சிறுவயதில் ஆடு தேடி ஏறியிருக்கிறாராம்; எழுத்தைப் பார்த்ததுண்டு, தமிழ் என்று எவரும் சொன்னதில்லை. பிராமி எழுத்தட்டவணையை நோட்டில் எழுதிவந்திருந்தார். குகையின் நெற்றியை அண்ணாந்து பார்த்தபடி விரலால் காற்றில் எழுதி ஒவ்வொன்றாகக் கூட்டினார். நி, க, ம, தோ, ர். மறுபடி ஒருமுறை. பிறகு திரும்பி, "ஐயா, இடையில் அத்துச் சாரியை வந்திருக்கிறதா?" என்றார்.